மேப்பிள் பாகும் அவர் சொல்லாத வார்த்தையும்

எழுபதுகளில், கணவரின் ஆராய்ச்சிப் பணிக்காக ஜெர்மனியின் பான் நகரில் வசித்தோம். அவருக்குச் சர்க்கரை நோய். கனடாவிலிருந்து வந்த தோழி மேப்பிள் பாகு இரண்டு டப்பா தந்தாள். மரத்துச் சாறுதானே, கெடுதல் செய்யாது என்று நானே முடிவு செய்து, பாயசம், பூசணிப் புளிக்குழம்பு, கேரட் பொரியல் என எல்லாவற்றிலும் ஊற்றினேன். குழந்தைகளோடு அவரும் ருசித்துச் சாப்பிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்குப் பூட்ஸ் கடித்த புண் ஆறவேயில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"எனக்கு அந்தப் பாகு ஆகாதுன்னு தெரியும். நீ ஆசையா செஞ்சே, வேண்டாம்னு சொல்ல மனசு வரலை" என்றார், கட்டிலில் படுத்தபடி. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் என்னென்ன சேர்த்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் பரிமாறுகிறேன். யாராவது வேண்டாம் என்றால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.