அணுபுரம் பக்கம் ஒரு வானம்பாடி, ஒரு முயல், ஒரு கம்பிக் கண்ணி

எங்கள் நாவலூர் குடியிருப்பில், ஒரு பறவையையும் ஒரு விலங்கையும் ஒப்பிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்படி கேட்டிருந்தார்கள். இணையத்தில் படம் காட்டியிருக்கலாம். நேரில் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன் என்று பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை விடியலில் கிளம்பினேன். சிறுசேரியில் என்னோடு வேலை பார்க்கும் சரவணனும் வந்தான். அதுதான் தப்பு.

மாமல்லபுரம் வழியாக அணுபுரம் பக்கத்துப் புதர்க்காடு, பைக்கில் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். வழி நெடுக அவனுக்கு ஒரே பேச்சு: "முயலுன்றது பெரிய எலி மச்சான்." விலங்கியல் வகைப்பாட்டில் முயலுக்குத் தனி வரிசை, மேல்தாடையில் முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு சின்ன ஜோடிப் பல் உண்டு, எலிக்குக் கிடையாது என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வானம்பாடி சீக்கிரமே கிடைத்தது. புதரிலிருந்து எழும்பிப் பாடி, இறக்கையை விரித்தபடி மெல்ல இறங்கியது. அது சேர்ந்த வரிசைக்குக் கிளையமரும் பறவைகள் என்று பெயர். பாதி நேரம் தரையில்தான் ஓடுகிறது. முயலோ பாலூட்டி. இரண்டுக்கும் முதுகெலும்பு உண்டு, உறவு அதோடு சரி. "அழியிற உயிரினங்களோட உலகப் பட்டியல்ல ரெண்டுமே 'கவலை குறைவான' இனம்" என்றேன்.

"அப்பறம் இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் இட்டாந்த?"

முயலும் கிடைத்தது, கம்பிக் கண்ணியில் கால் மாட்டியபடி. கண்ணி வைத்தவரும் அப்போதே வந்து சேர்ந்தார்.

"வுடு சார், காட்ல எவ்ளோ கீது" என்றார்.

"அதானே, கவலை இல்லன்னுதானே பட்டியல்ல போட்டுகீறான்" என்றான் சரவணன், என்னைச் சீண்டுகிற பழக்கத்தில்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உலகத்துல நிறைய இருந்தா இந்தப் புதர்ல இருக்குன்னு அர்த்தமாடா? பிடிக்கிறதே சட்டப்படி குத்தம்." வனத்துறைக்குப் பேசலாமென்றால் போனில் சிக்னல் இல்லை.

அப்போது முயல் கத்தியது. கைக்குழந்தை வீறிடுவது போலவே இருந்தது. சரவணன் முகம் மாறிவிட்டது. சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டு அமுக்கிக்கொண்டான். "கம்பிய கழட்டு மச்சான். பேச்ச அப்பறம் வச்சுக்க."

கழன்றதும் மூன்று காலில் நொண்டிப் புதருக்குள் மறைந்தது. "காலங்காத்தால பேஜாரு" என்று அந்த ஆள் போய்விட்டார். காயத்தோடு விட்டது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அங்கே போகிறவர்கள் விடியலிலேயே போய்விடுங்கள்; வெயில் ஏறினால் ஒன்றும் கண்ணில் படாது. வனத்துறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சிக்னல் எங்கே விட்டுப்போகிறது என்பதையும் கவனியுங்கள்.

அன்று முயல் மறைந்ததும் கிளம்பலாம் என்றேன். சரவணன் கேட்கவில்லை. வெறும் உடம்போடு புதர் புதராகக் குனிந்து தேடினான். இன்னும் இரண்டு கண்ணிகளைப் பிடுங்கினோம். ஒன்றில் கொஞ்சம் ரோமம் மட்டும் ஒட்டியிருந்தது.