மாஸ்டருக்கு வந்தது மூலம் இல்லை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு வயது நாற்பத்திரண்டு. பழகுகிறவர்கள் பிரேக்கைத் தேடுவதற்குள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே பதினெட்டு வருடம் உயிர் பிழைத்தவர். அப்பேர்ப்பட்டவர் மூன்று வாரமாக ஒவ்வொரு வேகத்தடையிலும் "ஐயோ அம்மா!" என்று அலறினார். பழகுகிறவர்கள் தங்கள் தப்புதான் என்று பயந்து, இன்னும் மோசமாக ஓட்டினார்கள்.

ஆசனவாயில் எரிச்சல், சீழ், கொஞ்சம் ரத்தம்.

"மூலம்தான்டா. நாள் பூரா சீட்லயே உக்காந்தா வேற என்ன வரும்?" என்று அதே வீட்டில் இருக்கும் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டு, களிம்பும் நடுவில் ஓட்டை போட்ட மெத்தையும் வாங்கி வந்தாள். களிம்பு தீர்ந்தது. வலி தீரவில்லை.

வேறு வழியில்லாமல் டாக்டரம்மாவிடம் போனார். சோதித்துப் பார்த்தவர், காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்கிற குரலில் கேட்டார்: "உறவு ஆம்பளையோடயா, பொம்பளையோடயா?"

மாஸ்டர் காலண்டரைப் பார்த்தபடி சொன்னார்: "ஆம்பளை. ரெண்டு மாசமா. ஒரே ஆள்தான், தையல்காரர்."

"ஆணுறை?"

"ஒரே ஆள்தானேன்னு..."

பஞ்சுக்குச்சியால் ஆசனவாயிலிருந்து சீழ் எடுத்து, ரத்தமும் எடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாளில் முடிவு வந்தது.

"மூலமே இல்ல. கொனோரியா, உறவுல தொத்தறது. மலக்குடல்ல வந்திருக்கு. ரத்தத்துல ஒண்ணும் இல்ல. ஊசி போட்டா சரியாயிடும். ஆனா அவரையும் கூட்டிட்டு வரணும், இல்லேன்னா திரும்பவும் வரும்."

மாஸ்டர் தையல்கடைக்குப் போய், தன் சட்டையில் நன்றாக இருந்த பொத்தானையே இறுக்கித் தைக்கச் சொன்னார். பிறகு ஒரே மூச்சில் கொட்டினார்.

தையல்காரர் முகம் வெளுத்தது. "நாம பழகறதுக்கு முன்னாடிலேர்ந்தே எனக்கு நீர்க்கடுப்பு. உடம்புச் சூடுன்னு குடம் குடமா தண்ணி குடிச்சேன்!"

"தண்ணியில போற சரக்கா இது? கிளம்பு."

இடுப்பில் ஊசி போட்டபின், நாற்காலிகளெல்லாம் காலியாகக் கிடக்க, இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். "ஒரு வாரத்துக்கு உறவு கூடாது" என்று நர்ஸ் சொன்னபோது, ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவர் தரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அக்கா கேட்டாள்: "மூலத்துக்கு என்னடா சொன்னாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மூலம் இல்லக்கா. தொத்து. ஊசி போட்டாச்சு."

அக்கா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்தத் தையல்காரருக்கும் போட்டாச்சா?"