கோபித்துக்கொண்டு போகவில்லை

சாலை

கச்சிராயபாளையம் போகிற சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. சின்னசேலம் பின்னால் போய்விட்டது. இரண்டு பக்கமும் கரும்பு. டவுன் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. கண்டக்டர், "வரியா, இன்னா?" என்றார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பஸ்ஸில் ஏறினால் தெரிந்தவர் யாராவது இருப்பார், எங்கே போகிறாய் என்று கேட்பார்.

மறுநாள் என் முதலாளி மகளுக்கு நிக்காஹ். காதர் பாய் சின்னசேலத்தில் மக்காச்சோள மண்டி வைத்திருந்தார். அவரிடம் மூன்று வருஷம் மூட்டை தூக்கினேன், எடை போட்டேன். அவ்வளவு காலம் நான் வேறெங்கும் தங்கியதில்லை. அன்று காலை அவர் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு மண்டப வாசல்ல என் தம்பிகூட நீயும் நின்னு வர்றவங்கள வாங்கன்னு கூப்புடணும், ஏழுமல. நீ எங்க வூட்டு ஆளு" என்றார். சரிங்க என்றேன். அவர் பந்தல்காரரைப் பார்க்கப் போனதும் நான் கிளம்பிவிட்டேன்.

இதை எல்லோருக்கும் எழுதவில்லை. நாலு பேர் பிரியமாகப் பேசினால் செருப்பு எங்கே என்று தேடுகிற பிள்ளைகள் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காக எழுதுகிறேன்.

பார்த்த வேலைகள்

எட்டாவதோடு படிப்பு நின்றது. மில் களத்தில் ஜவ்வரிசி காயப்போட்டேன். கரும்பு வெட்டினேன். போர்வெல் வண்டியில் பைப் பிடித்தேன். எந்த இடத்திலும் தகராறு கிடையாது. யாராவது என்மேல் பிரியம் வைக்க ஆரம்பிப்பார்கள், நான் போய்விடுவேன். கரும்பு மேஸ்திரி எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். அவர் திரும்பி வருவதற்குள் போர்வெல் வண்டியில் ஏறிவிட்டேன். பட்டினி கிடந்ததும் பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. கல்யாணப் பந்தியில் உட்காருவதுதான் கஷ்டம்.

பிடித்த வேலை என்றால் கல்வராயன் மலையில் மக்காச்சோளக் காட்டுக்குக் காவல் இருந்ததுதான். பரண்மேல் உட்கார்ந்து தகர டின்னைத் தட்டிப் பன்றி விரட்ட வேண்டும். பேச்சுத் துணை இல்லை. எனக்கு அது குறையாகவே படவில்லை. மனசுக்குள் ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தேன். தெரு, கடை, ஏரி எல்லாம் உண்டு. ஜனங்கள் கம்மி.

கணக்குப்பிள்ளையின் மன்னிப்பு

நம் பக்கத்தில் ஒருவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் அவன் கோபமாக இருக்கிறான் என்று அர்த்தம். அவனைச் சமாதானப்படுத்தாமல் யாருக்கும் சோறு இறங்காது. மண்டியில் மதியச் சாப்பாடு பாய் வீட்டிலிருந்து வரும். எல்லோரும் சாக்கு விரித்து வட்டமாக உட்காருவார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எடை மெஷினுக்குப் பின்னால் போவேன். "ஏழுமலைய யாரு இன்னா சொன்னது?" என்று பாய் ஒவ்வொருவராக விசாரித்தார். கடைசியில் சந்தேகம் கணக்குப்பிள்ளை செல்வத்தின்மேல் விழுந்தது.

செல்வம் என் முன்னால் வந்து நின்றான். "அண்ணே, நான் எதுனா சொல்லியிருந்தா மனசுல வெச்சிக்காதீங்க."

"நீ ஒண்ணும் சொல்லலியேப்பா."

"எனக்கும் ஞாபகம் இல்ல. ஆனா பாய் மன்னிப்புக் கேட்டுட்டு வான்னாரு. ஏத்துக்கினேன்னு சொல்லுங்க, கொழம்பு ஆறிக்கினு இருக்குது."

"ஏத்துக்கினேன்."

அதற்குப் பிறகும் நான் எடை மெஷினுக்குப் பின்னால்தான் சாப்பிட்டேன். செல்வத்துக்குத் திரும்பவும் திட்டு விழுந்தது.

புத்தகம்

மூட்டை தூக்கும் கொக்கி ஒருநாள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல் போட்ட நர்ஸ், "தொணைக்கு யாரு வந்தது?" என்றார்.

"யாரும் இல்ல."

"வூட்ல சொல்லலியா?"

"சொன்னா வந்துடுவாங்க."

அவர் சிரித்தார். கட்டுப் பிரிக்கப் போன அன்று மனநல ஆலோசனை அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அங்கே இருந்த மேடம் அவசரப்படுத்தாமல் கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லாதபோது அவரும் சும்மா இருந்தார். அதனால்தான் மறுபடியும் போனேன். சில தடவை போன பிறகு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். "இத படிச்சிட்டு உங்களுக்கு நீங்களே ஒரு நோய்ப் பேரு வெச்சிக்காதீங்க. உங்களுக்குப் பொருந்துற எடத்துல மட்டும் கோடு போடுங்க, பேசலாம்" என்றார்.

மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஸ்கிசாய்டு என்று ஒரு சொல் இருந்தது. மனச்சிதைவு நோய் வேறு, இது வேறு என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. இது சுபாவம் சம்பந்தப்பட்டது. இப்படிப்பட்டவர்களுக்குத் தனிமை பிடிக்கும், பாராட்டினாலும் திட்டினாலும் முகம் மாறாது, உள்ளே நிறைய நடக்கும். நெருக்கம் வந்தால் தன்னை யாரோ விழுங்குவதுபோலச் சிலருக்கு இருக்கும். அந்த வரியில் பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்குக் கோடு போட்டேன். அதுவரை என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்றே நினைத்திருந்தேன்.

எல்லாம் பொருந்தவில்லை. குழுவாகச் சேர்ந்து பாடலாம் என்று ஒரு யோசனை இருந்தது, அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன். மேடம் சொன்னதில் ஒன்று நின்றது. "மனசுல இருக்குறது மூஞ்சில தெரியும்னு மத்தவங்க நம்புறாங்க. உங்க மூஞ்சில தெரியாது. அதனால வாயால சொல்லுங்க. சின்னதா சொன்னா போதும்." தனியாக இருப்பது நிம்மதியாக இல்லாமல் பாரமாக மாறினால், சாகலாம் என்று தோன்றினால், உடனே வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். படித்தது எல்லாம் சரி. பாய் வாசலில் நிற்கச் சொன்னதும் கால் பழைய வழியிலேயே போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டு

கச்சிராயபாளையத்தில் டீக்கடை பெஞ்சில் வெள்ளிமலை பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். மலையில் காவலுக்கு ஆள் தேடுகிற சமயம் அது. பாய் டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், தலைக்குமேல் வேலை. வழியில் என்னைப் பார்த்த டவுன் பஸ் கண்டக்டர் சொல்லியிருக்கிறார். பாய் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னார்.

"யாரு இன்னா சொன்னது?"

"யாரும் ஒண்ணும் சொல்லல, பாய்."

"நான் எதுனா சொல்லிட்டனா?"

"இல்லங்க."

"பின்ன ஏன் கோவிச்சிக்கினு வந்துட்ட? நாளைக்கு நீ இல்லன்னா காதர் அவன இன்னா பண்ணானோன்னு ஊரு பேசும். அத வுடு. பரீதா கேக்குது, ஏழுமல மாமா எங்கன்னு. கல்யாணப் பொண்ணுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பஸ் வந்து நின்றது. ஏறியிருந்தால் முடிந்திருக்கும். அந்த மண்டிக்குத் திரும்பிப் போக எனக்கு முகம் இருக்காது. பாயும் உயிரோடு இருக்கிறவரைக்கும், தான் என்னவோ தப்புச் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

"பாய், எனக்குக் கோவம் இல்ல" என்றேன். "உங்க வூட்டு மேல பிரியம் இருக்குது. ஆனா கிட்ட வந்தா எனக்கு மூச்சு முட்டுது. யாரு வந்தாலும் அப்டித்தான். அது என் சுபாவம். வாசல்ல நின்னா ஓடிப்பூடுவேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். பாய் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பிரியம் இருக்குதா?"

"இருக்குது."

"மூணு வருசமா மூஞ்சில ஒண்ணும் தெரியலியேடா."

"தெரியாது, பாய். அதான் சொல்றேன்."

"எனக்குப் புரியல" என்றார். "கோவம் இல்லன்ற. செல்வத்ததான் வீணா திட்டிட்டேன். சரி, கிட்ட வராம தள்ளி நிப்பியா?"

"நிப்பேன்."

"எவ்ளோ தூரம்?"

அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "மண்டபத்துக்குப் பின்னால எதுனா வேலை இருக்குதா?" என்றேன்.

"பின்னால பொகதான் இருக்குது. பிரியாணி ஆக்குற பண்டாரிக்கு அடுப்புல ஆளு கம்மி."

"அது போதும்."

வெள்ளிமலை பஸ் போய்விட்டது.

நான் கற்றது இதுதான். போவதா இருப்பதா என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைத்திருந்தேன். எவ்வளவு தள்ளி இருந்தால் இருக்க முடியும் என்று சொல்லத் தெரிந்தால் மூன்றாவதாக ஒரு வழி கிடைக்கிறது. கேட்கிற ஆளும் அமைய வேண்டும். ஆனால் நாம் சொல்லாமல் அப்படி ஒருவர் இருப்பதே நமக்குத் தெரியாது.

அடுப்பு

மறுநாள் விடியும்போது பிரியாணி அடுப்பில் இருந்தேன். சமையல்காரப் பண்டாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வெறகு தெரியுமா?" தெரியும் என்றேன். பிறகு அவர் பேசவில்லை, நல்ல மனுஷர். தேக்ஸா என்கிற பெரிய பிரியாணி அண்டாவுக்குத் தம் போட்டதும் அடியில் எரிகிற விறகை இழுத்துவிட்டு, மூடிமேல் கனல் அள்ளி வைக்க வேண்டும். யாரும் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊரே பேசிக்கொண்டிருந்தது. புகைக்குப் பயந்து ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை.

வெயில் ஏறியபோது பாயின் தம்பி, "ஏழுமல, வா, மாப்ளையப் பாரு" என்று கையைப் பிடிக்க வந்தார். பாய் பின்னாலேயே ஓடி வந்து தம்பியைத் தோளில் பிடித்து நிறுத்தினார். "அவன வுடு. அவன் இங்கதான் இருப்பான்."

தம்பி போன பிறகும் பாய் தகரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். "நிக்காஹ் ஆயிடுச்சி" என்றார்.

"எனக்கு ரொம்ப சந்தோசம், பாய்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இருந்திருக்காது. இருந்தும் தலையை ஆட்டினார். கிட்டே வரவில்லை. நான் அடுத்த தேக்ஸாவுக்குக் கனல் அள்ளினேன்.