லண்டனில் ஒரு காக்கா

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவன் அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது. ஆனால் அதிராம்பட்டினத்தில் என் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் படித்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படிப்பேன். 'வெளிநாட்டில் மாட்டிக்கொண்டேன், உடனே பணம் அனுப்பு' என்று நண்பர் பெயரில் திருடன் எழுதும் மெயில் உங்களுக்கும் வந்திருக்கும். என் ஆறு கம்ப்யூட்டர்களில் வந்தவை, நான் எண்ணிய வரை, பதினேழு. முதலாவதைச் சொல்கிறேன்.

எடுக்காத போன்

ஜமால் பாய் கோலாலம்பூரில் கடை வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கே பதினொரு வருடம் அவரோடு ஒரே அறையில் இருந்தவர் வேதாரண்யத்து செல்வராஜ். பிறகு குவைத்தில் கம்பெனி டிரைவர் ஆனார். ஒருநாள் செல்வராஜ் முகவரியிலிருந்து ஆங்கிலத்தில் மெயில். லண்டன் வந்த இடத்தில் பாஸ்போர்ட், பணம், போன் எல்லாம் திருட்டுப் போய்விட்டதாம். ஆயிரம் பவுண்ட் வேண்டுமாம். குவைத் நம்பருக்கு அடித்தோம். எடுக்கவில்லை.

"டிரைவர் எதுக்குங்க பாய் லண்டன் போனாரு?" என்று மெதுவாகக் கேட்டேன். பாய்க்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "முதலாளி கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? பொய்யின்னு நாம சும்மா இருந்து, நெசமாப் போயிட்டா அவன் ரோட்டுலல்ல நிப்பான்!"

ஒரு கேள்வி

எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். செல்வராஜும் பாயை அப்படித்தான் கூப்பிடுவார். இந்த மெயிலிலோ 'டியர் பிரண்ட்'. எனக்குப் பேசத்தான் கூச்சம். தட்டச்சு செய்யக் கூச்சமில்லை. பாயின் சம்மதத்தோடு ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பினேன்: 'காக்கா எப்படி இருக்கிறார்?'

ஏழாவது நிமிடம் பதில் வந்தது: 'காக்கா என்னோடுதான் இருக்கிறார். அவருக்கும் பசி. சீக்கிரம் அனுப்பு.' எந்த ஊரிலோ உட்கார்ந்துகொண்டு ஒருவன் செல்வராஜின் மெயில் பூட்டை உடைத்து உள்ளே வந்துவிட்டான். எங்கள் ஊர் வீட்டுச் சொல் ஒன்று அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. பாய் வயிற்றைத் தடவிக்கொண்டார். "நான் லண்டன்ல பட்டினி கிடக்கேனாம். அப்ப இப்பத்தான் புரோட்டா தின்னுட்டு வந்தவன் யாருண்ணே?"

மூன்று தடவை

வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் அன்று போனை எடுக்கவில்லை என்று பிறகு பேசியபோது சொன்னார் செல்வராஜ். எட்டு மாதம் கழித்து அவருடைய புது முகவரியிலிருந்து ஒரு மெயில், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியது: 'காக்கா, கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா? நான் நல்லா இருக்கேன். உங்க உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சா? கம்பெனியை மூடி மூணு மாசம் ஆச்சு. நல்லா இருக்கேன். ரூம்ல ஒன்பது பேர் இருக்கோம். நல்லா இருக்கேன்.'

பணம் என்ற சொல்லே இல்லை. வம்பில்லாத கடிதம் என்று மூடப் போனேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கேன்னு எத்தனை எடத்துல இருக்கு?"

"மூணு."

உடனே தன் டைரியில் இருந்த பழைய நம்பருக்கு அடித்தார். இந்த முறை செல்வராஜ் எடுத்தார். கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. சம்பளமும் இல்லை, ஊர் திரும்ப டிக்கெட்டும் இல்லை. உதவி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அந்த வாரமே பாய் டிக்கெட் எடுத்து அனுப்பினார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். இத்தனை வருடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்த நான் அவர் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். "நல்லா இருக்கறவன் அதை ஒரு தடவதாண்ணே எழுதுவான்."

திருட்டுக் கடிதங்களை ஒன்று விடாமல் எண்ணி வைத்த நான்தான், எதுவுமே கேட்காத அந்தக் கடிதத்தை மட்டும் எண்ணாமல் மூடப் பார்த்தேன்.