பன்னிரண்டு வரிச் சுவர்

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னதும் ஸ்ரீரங்கமே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் எழுந்துபோய்க் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். எங்கள் கொல்லைக்குப் பின்னால்தான் வாய்க்கால். பழைய மதில் இடிந்துபோய், அஸ்திவாரத்தின் மேல் முள்வேலி போட்டிருந்தோம். அதுவும் பாதி சாய்ந்து கிடந்தது.

என் வீட்டுக்காரருக்கு மறதி நோய் முற்றிவிட்டிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "குளிச்சிட்டு வந்துடறேன்" என்று நினைத்த நேரத்தில் வாய்க்காலுக்குக் கிளம்பிவிடுவார். கோடையில் அது காய்ந்து கிடந்ததால் பிழைத்தோம். மணலில் உட்கார்ந்திருப்பவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். இனி அங்கே தண்ணீர் ஓடும். கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாலும் சமைக்கவாவது நான் எழுந்து போக வேண்டாமா? தெருக்கதவைப் பற்றிக் கவலையில்லை, இரும்பு கிரில். கொல்லைக் கதவைப் பூட்டிப் பார்த்தேன், தாழ்ப்பாளையே பிடுங்கிவிட்டார். சாதம் ஊட்டினால்தான் சாப்பிடுகிற மனுஷருக்கு அந்த பலம் எங்கிருந்து வந்ததோ.

கொத்தனாரை வரச்சொன்னேன். ஹாலோ பிளாக் வைத்தால் சீக்கிரம் எழுப்பிவிடலாம் என்றார். வேலியோரம் டேப் பிடித்தோம். நாற்பது அடி. ஒரு கல் பதினாறு அங்குல நீளம், எட்டு அங்குல உயரம். ஆக, ஒரு வரிக்கு முப்பது கல்.

"எத்தனை அடி உசரம் வேணும்மா?"

"வழக்கமா எவ்வளவு வைப்பீங்க?"

"திருடனுக்குன்னா ஆறடி போதும். இது சாருக்குல்ல?" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "சாரைக் கையைத் தூக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் தப்பென்ன? "என்னங்க, இப்படி வந்து நின்னு கையைத் தூக்குங்க" என்று நானே சொன்னேன். மறுபேச்சில்லாமல் தூக்கினார். விரல் நுனி ஏழரை அடியைத் தொட்டது. மாப்பிள்ளை நல்ல உயரம் என்று கல்யாணத்தில் எங்கள் வீட்டார் பீற்றிக்கொண்ட உயரம். அதையே அளந்து அடைக்கப் பார்க்கிறோமே என்று என்மேலேயே வெறுப்பு வந்தது.

எட்டடி என்று முடிவாயிற்று. பன்னிரண்டு வரி, முன்னூற்று அறுபது கல். கலவை இடைவெளியில் மிச்சமாகிற கல் உடைசலுக்குச் சரியாகிவிடும் என்றார் கொத்தனார். "கல்லு இன்னிக்கே இறங்கினா, வாய்க்கால்ல தண்ணி வரதுக்குள்ள ஏத்திடலாம்மா."

நான் கணக்குப் போட்ட தாளை என் வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தவர். என் பெயரை மறந்துவிட்ட மனுஷர், பெருக்கலை உதட்டுக்குள் முணுமுணுத்துச் சரிபார்த்தார்.

"தப்பா இருக்கே. வாசலைக் கழிக்கலையே?"

"வாசல் வைக்கலீங்க."

தாளையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

"அப்ப நான் குளிச்சிட்டு எப்படி வீட்டுக்கு வரது?"

கொத்தனார் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் என் வீட்டுக்காரர் பயந்துகொள்வார். தாளை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு, கல் விற்பவருக்குப் போன் போட்டேன். முன்னூற்று அறுபதும் இன்றைக்கே வேண்டும் என்றேன்.