காலடி படாத திட்டு

இறாலின் தலையைக் கிள்ளும்போது விரலில் ஒட்டும் அந்த வாடை. உப்பு, சேறு, கொஞ்சம் துரு. எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் தங்கிவிடுகிறது. திருவொற்றியூரில், என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மணலிக்குப் போகும் டாங்கர் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. உள்ளே நான் கையை முகர்ந்துகொண்டு நிற்கிறேன். முகர்ந்தால் போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறது. வாயில் ஓலைக்கூடையைக் கவ்விக்கொண்டு, பேச முடியாமல் என்னைப் பார்த்த இரண்டு கண்கள் வந்துவிடுகின்றன.

நாங்கள் மூன்று பேர். பத்தாவது வரை ஒரே பெஞ்சு. ஒருத்தி முகத்துவாரக்குப்பத்துக்காரி, எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கி வெறுங்கையால் இறால் பிடிப்பவள். இன்னொருத்திக்கு வண்ணாரப்பேட்டையில் தையல் கடை. ஒரு நிமிஷம் வாயை மூடினால் அவளுக்கு மூச்சு முட்டும். மூன்றாமவள் நான். கவிதை எழுதுகிறேன், சோற்றுக்கு மொழிபெயர்க்கிறேன்.

குப்பத்துக்காரிதான் போன் செய்தாள். "ஆத்துக்குள்ள நம்ம திட்டு கீதே, பத்தாவது பரிச்ச முடிச்சிட்டு போனமே, அத்த எவனோ கம்பெனிக்காரன் எடுக்கப்போறானாம்டி. வர்ற வாரம் கருத்து கேக்குற கூட்டம் வச்சிக்கிறாங்க. அதுக்கு முன்ன ஒருக்கா மூணு பேரும் போய்ட்டு வந்துரலாம்."

அந்தக் கூட்டம் நாளை மறுநாள்.

ஞாயிறு காலையில் குப்பத்துக்காரியின் தம்பி பைபர் படகில் எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனான். தையல்காரி மடியில் பிரியாணி டப்பாவைக் கட்டிக்கொண்டு, படகு ஆடும்போதெல்லாம் தன்னைவிட அதைத்தான் இறுக்கிப் பிடித்தாள்.

"நீ வுயுந்தா எட்த்துக்கலாம், டப்பா வுயுந்தா இன்னாடி பண்றது?" என்றாள் குப்பத்துக்காரி.

திட்டு அப்படியேதான் இருந்தது. மூன்று பக்கமும் புகைபோக்கிகள், சிவப்பும் வெள்ளையுமாய். நடுவில் இந்தப் பச்சை. அலையாத்தி மரங்கள் தண்ணீருக்குள் விரல்களை ஊன்றி நிற்க, அவற்றின் காலடியில் சின்ன நண்டுகள் ஒற்றைக் கையை உயர்த்தி உயர்த்தி யாரையோ கூப்பிட்டன. கொக்குகள் எழுந்தன, சலித்துக்கொண்டு மறுபடி அமர்ந்தன. மணல் சுட்டது, காற்று சுடவில்லை. எனக்கு ஏனோ இருப்புக்கொள்ளவில்லை, நடந்துகொண்டே இருந்தேன். கரையோரச் சேற்றைத் தொட்டுப் பார்த்தேன். மேலே சாம்பல் நிறம், கிளறினால் உள்ளே பழைய கறுப்பு.

சாப்பிட்டு முடித்ததும் குப்பத்துக்காரி இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "கண்ணாடி கொண்டார்ல. கூட்டத்துக்கு குட்த்த நோட்டீசு இது. நீ படி. உன் வாயால கேட்டா நோட்டீசு கூட கல்யாணப் பத்திரிகையாட்டம் இருக்கும்."

படித்தேன். மூன்றாவது வரியில் நாக்கு நின்றது. மறுபடி நகர்த்தினேன். 'இது மனிதக் காலடி படாத மணல்திட்டு.'

தையல்காரி தொடையில் தட்டிச் சிரித்தாள். "காலடி படலியா? அப்ப இங்க குந்திகினு பிரியாணி துன்ன நாம இன்னா, பேயா?"

குப்பத்துக்காரி சிரிக்கவில்லை. "அந்த ஒரு வரிய வச்சிதான் எங்கள ஒண்ணுமில்லாம ஆக்குறானுங்க. யாருமே போவாத எடத்துக்கு நீ எதுக்கு பேச வந்தேன்னு கேப்பாங்களாம். இருவது வருசமா என் புள்ளைங்க வயிறு இந்தத் தண்ணியில கீது. எய்தினவன் மட்டும் கைல கெடைக்கட்டும், இதே சேத்துல வச்சி அமுக்குறேன்."

எழுதியவள் நான். இரண்டு மாதத்துக்கு முன் ஓர் ஏஜென்சி மொழிபெயர்க்க அனுப்பிய பக்கங்கள். இடத்துக்குப் பெயர் இல்லை, சர்வே எண் மட்டும். எந்த இடம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் இருந்தது, அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்பது மட்டுமே. அது வறண்டு கிடந்தது. எனக்கு ஓசை வேண்டியிருந்தது. காலடி என்று எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று டீ போடப் போனேன்.

குப்பத்துக்காரி புடவையை வரிந்து கட்டினாள். "தோ, வூட்டுக்கு கொஞ்சம் எறா புடிச்சித் தர்றேன் இருங்க." பறி என்னும் பனையோலைக் கூடையின் விளிம்பைப் பற்களால் கவ்வினாள். அப்படிக் கவ்வினால்தான் இரண்டு கைகளும் சேற்றைத் தடவ விடுபடும். தண்ணீரில் இறங்கி, கழுத்து வரை குனிந்து நகர்ந்தாள்.

அவளால் இப்போது பேச முடியாது. அதனால்தான் நான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். தையல்காரி மர நிழலில் படுத்து முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். நான் இடுப்பளவு தண்ணீரில் குப்பத்துக்காரிக்குப் பின்னால் போனேன்.

"அந்த வரி நான் எழுதனது."

அவள் கைகள் நின்றன. திரும்பினாள்.

"நம்ம திட்டுன்னு தெரியாது. யாரும் குடியில்லன்னுதான் இருந்துச்சு. நான்தான் அழகா இருக்கட்டும்னு..."

பறி அவள் மோவாய்க்குக் கீழே ஆடியது. உள்ளே இறால்கள் துள்ளும் சத்தம். பற்களை விலக்கினால் எல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். விலக்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சேற்றைத் தடவத் தொடங்கினாள். ஒரு இறால், பறிக்குள். இன்னொன்று. நான் அங்கேயே நின்றேன். கரையேறும்போது என் பக்கத்தில்தான் நடந்தாள், ஆனால் ஒரு முழம் தள்ளி.

படகில் அவள் தண்ணீரையும் நான் பின்னால் போகும் திட்டையும் பார்த்துக்கொண்டு வந்தோம். "இன்னாடி, ரெண்டு பேருக்கும் வெயில் மண்டையில ஏறிடுச்சா?" என்றாள் தையல்காரி. பிறகு காலி டப்பாவைத் தட்டத் தொடங்கினாள்.

குப்பத்துக் கரையில் இறங்கினோம். குப்பத்துக்காரி இறாலை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு கவரில் கட்டினாள். எனக்கும் ஒன்று. பங்கு குறையவில்லை, அதுதான் என்னவோ செய்தது. தையல்காரி ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடப் போனாள்.

"கூட்டத்துக்கு வர்றேன்," என்றேன்.

"வா."

"உன் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "என் பக்கத்துல குந்தாத. நேரா மைக்காண்ட போ. போய், அத்த நான்தான் எய்தினேன்னு சொல்லு."