நடு அறையைக் காலி செய்த எங்கள் அக்கா

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து அமர்ந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தம்பி வணக்கத்தோடு எழுதுவது.

இந்த மாதிரி நினைவு மலர்ப் புத்தகங்களில் ‘பொறுமையே உருவானவர்’ என்று எழுதுவது வழக்கம். எங்கள் அக்கா அப்படியில்லை. சோறு கொஞ்சம் குழைந்தாலே தெருவுக்குக் கேட்கும்படி சத்தம் போடுவார். போட்ட சத்தத்தை அடுத்த நிமிடமே மறந்தும்விடுவார். எனக்கு அந்த மறதி வாய்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அக்கா ஓடைப்பட்டியில் பிறந்தவர். அப்பாவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அக்கா பந்தலுக்குள் இறங்கினார். பழைய கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டும் காலத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆண்களே அவரிடம் வந்து யோசனை கேட்பார்கள். இருபத்து மூன்று வயதில் உத்தமபாளையம் பக்கம் திருமணம் முடிந்தது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போனவன் நான். டீக்கடையில் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு, “தங்கமான இடம்” என்று வந்து சொன்னேன். பதினோரு மாதத்தில் அக்கா திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை, நானும் எழுதப்போவதில்லை. பின்னாலேயே ஒரு வேனில் சீர்ச் சாமான்களும் வந்து இறங்கின.

பித்தளை அண்டா, குடம், தவலை, தாம்பாளம், தூக்குவாளிகள் என்று ஒவ்வொன்றிலும் அக்காவின் பெயரை வெட்டி அம்மா வாங்கிய பாத்திரங்கள். பாதிக்கு மேல் அடுப்பையே பார்த்ததில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி நடு அறையில் அடுக்கினோம். கட்டிலைக் கழற்றிச் சாத்தினோம். பீரோவுக்கு வேறு இடமில்லாமல் சன்னலை மறைத்து நிறுத்தினோம். அந்த அறை அக்காவுக்கென்றே அப்பா கட்டியது. அதில் அக்காவின் சாமான்கள் இருந்தன. அக்கா கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். ஒரு வருடம் இரண்டு வருடமல்ல, இருபத்திரண்டு வருடம்! எங்களில் ஒருவருக்கும் இது கிறுக்குத்தனம் என்று தோன்றவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாக்குகள் இருக்கும்வரை, என்றாவது மாப்பிள்ளை வீட்டார் வந்து அக்காவை அழைத்துப் போவார்கள், நான் சொன்ன சொல் பொய்யாகாது என்று எனக்குள் ஒரு நப்பாசை. அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன்.

வருடாவருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மட்டும் சாமான்கள் வாசலுக்கு வரும். அக்காவும் என் மனைவியும் புளி போட்டுத் தேய்ப்பார்கள். காய்ந்ததும் மறுபடி சாக்கு, மறுபடி அறை. ஒரு பொங்கலுக்கு அப்படித்தான் வெள்ளையடித்து முடித்து, நான் முதல் மூட்டையைத் தூக்கினேன்.

“இறக்கி வைடா. அது உள்ள போகாது,” என்றார் அக்கா.

“என்னக்கா சொல்ற?”

“வேணுங்கிறவுகளுக்குக் குடுத்துறப் போறேன்.”

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ! “உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா? நாலு பேரு என்ன பேசுவாக? நாளைப்பின்ன அவுக வந்து கூப்பிட்டா வெறுங்கையோடவா போவ?” என்று கத்தினேன்.

அக்கா தேய்த்துக்கொண்டிருந்த குடத்தைக் கீழே வைத்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஏலே, அவுக வேற கல்யாணம் முடிச்சு, மகளையும் கட்டிக் குடுத்துட்டாக. இனி என்னத்துக்குக் கூப்பிடுவாக, பேரப்பிள்ளைக்குக் காது குத்தவா?”

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“நான்தானக்கா நல்ல இடம்னு வந்து சொன்னேன்,” என்றேன் மூட்டையை இறக்காமலே.

“உனக்கு அப்ப இருபது வயசு. உனக்கு என்னடா தெரியும்? நான் அதை என்னைக்கோ விட்டுட்டேன். நீதான் சாக்குல கட்டி வச்சிருக்க. கவாத்து வெட்டாத பந்தல்ல என்னைக்குக் காய் பிடிச்சிருக்கு? தள்ளு அங்கிட்டு.”

அன்று சாயங்காலத்துக்குள் வாசல் காலியானது. பீரோ எதிர்வீட்டுக்குப் போனது. வாழாமல் வந்தவள் வீட்டுப் பாத்திரம் என்று ஒருவர் முகம் சுளித்தார். எங்கள் தோட்டத்தில் வேலை செய்த வருசநாட்டு அம்மாதான், “உழைச்ச கை குடுக்குது, இதைவிட ராசி என்ன வேணும்?” என்று தன் மகள் கல்யாணத்துக்கு அந்தப் பெரிய அண்டாவை வாங்கிக்கொண்டார். “பேரை அழிச்சுக்கங்க. ஆனா பரண்ல போடக் கூடாது, அடுப்புல ஏத்தணும்” என்று அக்கா ஒவ்வொருவரிடமும் கண்டிஷன் போட்டார்.

பீரோ நகர்ந்ததும் சன்னலைத் திறந்தோம். மலைப் பக்கத்துக் காற்று அறைக்குள் வந்தது. கட்டிலை மாட்டிப் படுத்த அக்கா, மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தார். அவர் அவ்வளவு நேரம் தூங்கி நாங்கள் பார்த்ததேயில்லை. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அக்கா நன்றாக வாழ்ந்தார். ஐம்பது வயதில் ஸ்கூட்டர் பழகி எங்கள் வீட்டுக் கேட்டிலேயே மோதினார். சுருளிக்கும் ராமேஸ்வரத்துக்கும் தோழிகளோடு போய்வந்தார். போன வருடம் தேனி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், “என் நினைவு நாளுக்குப் பேர் வெட்டிப் பாத்திரம் கீத்திரம் குடுத்த, எந்திரிச்சு வந்து உதைப்பேன்” என்றார். இன்று பாத்திரம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

அக்கா கண் மூடிய அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தெருவிலிருந்துதான் சாப்பாடு வந்தது. இலையில் ரசம் ஊற்றத் தூக்குவாளியைச் சாய்த்தபோது பார்த்தேன், அக்காவின் பெயர். சோறு வந்த தவலையிலும் அதே பெயர். ஒருவரும் அழிக்கவில்லை. அடி கறுத்து, விளிம்பு நசுங்கி, நன்றாகப் புழங்கிய பாத்திரங்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த அக்காவின் தோழிகளுக்கும், தூக்கிச் சுமந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் பாத்திரங்களைக் கழுவித் திருப்பித் தரும்போது ஒரே ஒரு தூக்குவாளியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கை தயங்கியது. என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள், கொடுத்துவிட்டேன்.

நடு அறை இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. சன்னல் திறந்திருக்கிறது. தூரத்திலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு அங்கே சற்றுப் படுத்து எழுந்து போகலாம்.